கோயில் பொறுப்பைக் குறைத்துக்கொண்டால் பாவமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில். ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு, பிறகு மறைக்கல்வி, புதன் நவநாள், வெள்ளி அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்), சனி மாலை பாட்டுப் பயிற்சி எல்லாம் என் பொறுப்பு. நான் பள்ளி ஆசிரியை. மகன் பிளஸ் டூ. ‘கட்டிலையும் கோயில்லயே போட்டுக்க’ என்கிறார் கணவர். செபமாலையை எடுத்தாலே எரிச்சல் வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் கடவுளுக்கு முதுகு காட்டியதாகுமா?

பதில்: ஆகாது, சகோதரி. ஆசையாய்ச் செய்த வேலையே ஒருநாள் கசப்பது, அளவுக்கு மீறி இழுத்துப்போட்டுக்கொண்டு செய்பவர்களுக்கு வருவதுதான். 1974-ல் இதைப் பற்றி எழுதிப் பேசவைத்த அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ மையத்தில் உழைத்தவர்களிடம்தான் இதைக் கண்டார். சம்பளமே வாங்காத தொண்டர்களும் அவர்களில் உண்டு.

முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் சோதித்துவிடுங்கள். ரத்தசோகைக்கும் இதே அலுப்பு வரும்.

அடுத்தது, நீங்கள் கேட்காத விஷயம். நீங்கள் சோர்ந்திருப்பது தெரிந்ததும் யாராவது வீடு தேடி வருவார்கள். ‘வீட்டில் ஏதோ கட்டு இருக்கிறது, விடுதலைச் செபத்துக்கு காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் போகிறது, சாப்பாடும் சேர்த்துத்தான் காசு’ என்பார்கள். ஆள் சேர்ப்பவருக்கு அதில் கமிஷன் உண்டு. போனால் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். திரும்பி வந்தபின் மாதக் காணிக்கை கேட்டு போன் வரும். தூக்கம் கெட்டு அலுத்துப்போன பெண்ணிடம் சாபம் என்று சொல்லிக் காசு பிடுங்குவதை நான் ஊழியம் என்று சொல்லமாட்டேன். வாரக் கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கி ‘கவுன்சிலர்’ போர்டு மாட்டியவர்களும் இதே ரகம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விவிலியத்தில் விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். காலை முதல் மாலைவரை ஒற்றை ஆளாய் வழக்குத் தீர்த்த மோசேயிடம், ‘நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள், ஆயிரத்துக்கும் நூறுக்கும் ஐம்பதுக்கும் பத்துக்கும் ஆள் போடு’ என்றார் மாமனார் இத்திரோ. அந்த மாமனார் வெறுங்கையோடு வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். பிரசங்கத்தில் அந்த வரியை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்!

ஆகவே ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நாலை ஒப்படையுங்கள். மகனின் பொதுத்தேர்வு மார்ச்சில். தவக்காலமும் வெள்ளிதோறும் சிலுவைப்பாதையும் அதையொட்டித்தான் வரும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

‘கீபோர்டு வாசிக்க என்னை விட்டால் ஆளில்லையே’ என்பீர்கள். இது நியாயமான விலக்குதான். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு முடிந்தால், ஈஸ்டருக்கு முந்தின இரவான பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி அதைப் பாடும்வரை, பாட்டுக்குத் துணையாக அன்றி இசைக்கருவி வாசிப்பதில்லை என்பது திருச்சபை ஒழுங்கு. தவக்காலத்திலும் ஏறக்குறைய அப்படியே. ஆக, கருவி இல்லாவிட்டால் வழிபாடு நின்றுவிடாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு வெறும் குரலில் மக்கள் பாடட்டும். சுருதி தப்பும், முன்வரிசையில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அந்த இரண்டு வாரத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘அக்கா, நான் வாசிச்சுப் பார்க்கவா’ என்று வந்து நிற்பான். வந்தால், அவன் தப்பாக வாசிக்கும்போது பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

பொறுப்பை விடுவதை வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், பங்கு ஃபாதருக்குக் கடிதமாகக் கொடுங்கள். ‘பாஸ்கா முடியட்டும்மா’ என்பார் ஃபாதர். அது முடிந்தால் திருவிழாக் கொடியேற்றம். அதுவும் முடிந்தால் அவருக்கே மாறுதல் வந்துவிடும். புதிதாய் வருபவர் கையில் உங்கள் பெயர் போட்ட பழைய பட்டியல்! கோயில் நிர்வாகத்தில் ஃபாதருக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவைக்குப் பதவிக்காலம் என்பதெல்லாம் ஏட்டோடு சரி. உழைக்கிற நாலு பேரையே திரும்பத் திரும்பப் பிழிந்துவிட்டு, ‘இளைஞர்கள் வருவதில்லை’ என்று கூட்டம் போடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, சாவைப் பற்றி நினைப்பு வருகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

கடிதத்தில் எந்தத் தேதியோடு எந்தப் பொறுப்பை விடுகிறீர்கள், யாரிடம் சாவி, யாரிடம் பாட்டுப் புத்தகங்கள் என்று எழுதுங்கள். கணவர் படித்த பிறகு கொடுங்கள். நகலில் ஃபாதரிடம் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.