பனிக்காலையில் ஓடி முடித்ததும் வரும் இருமல்

கேள்வி: எங்கள் மகளுக்கு 10 வயது. கடந்த ஜூன் மாதம் மதுரையிலிருந்து உதகைக்கு மாற்றலாகி வந்தோம். சிறு வயதில் அவளுக்கு அவ்வப்போது வீசிங் வந்ததுண்டு. இப்போது பள்ளி விளையாட்டு விழாவுக்காகக் காலை ஏழு மணிக்கே ஓட்டப் பயிற்சி தருகிறார்கள். மூன்று நான்கு சுற்றுகள் நன்றாகத்தான் ஓடுகிறாள். ஓடி முடித்து உட்கார்ந்த பிறகுதான் விடாமல் இருமுகிறாள். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதாகச் சொல்கிறாள். மருத்துவர் நீல நிற இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது பழக்கமாகிவிடும் என்று என் மாமியார் பயப்படுவதால் சிரப் மட்டும் கொடுத்து வருகிறோம். ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடப்பதுபோலவே தொடரவும் வேண்டாம்.

ஓடி முடித்த பிறகுதான் இருமல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்கள் பெரும்பாலும் ஓட்டம் நின்ற பின், ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களுக்குள்தான் மிக அதிகமாகச் சுருங்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகவே தளரும். ஓடத் தொடங்கிய உடனேயே மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்து, நின்றதும் இரண்டு மூன்று நிமிடங்களில் மறைந்துவிட்டால் நான் வேறு காரணத்தைத் தேடியிருப்பேன். இருந்தாலும், நேரில் பரிசோதித்து, முடிந்தால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சுத்திறன் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வதே முறை.

மதுரையில் இல்லாத தொந்தரவு உதகையில் ஏன் வந்தது என்பதற்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் கவனிக்க வேண்டும். நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் உட்பகுதியை அடைவதற்குள் 37 டிகிரி சூடும் முழு ஈரமும் பெற்றாக வேண்டும்; அந்த நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 44 கிராம் நீராவி இருக்கும். உறைபனி விழும் பூஜ்ஜிய டிகிரி காலையில், மூடுபனி சூழ்ந்து ஈரமாகத் தோன்றும் காற்றில்கூட 5 கிராமுக்கு மேல் நீராவி இருக்க முடியாது. மீதியை மூச்சுக்குழலின் உட்சுவர்தான் கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மூக்கு இந்த வேலையை நிதானமாகச் செய்துவிடுகிறது. ஓடும்போதோ பல மடங்கு காற்று, அதுவும் வாய் வழியாக, உள்ளே போகிறது. உட்சுவர் வறண்டு குளிர்ந்துபோக, அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கசியவிட, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. அக்காலை நேரத்தில் குளிர்காய மைதான ஓரத்தில் யாராவது சருகு கொளுத்தினால் அந்தப் புகையும் மேலே எழாமல் தாழ்ந்தே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஹேலரைப் பற்றிய உங்கள் மாமியாரின் அச்சம் பல வீடுகளில் உள்ளதுதான்; ஆனால் அது போதைப்பொருள்போல் பழக்கமாவதில்லை. நீல இன்ஹேலரில் இருப்பது மூச்சுக்குழலைத் தளர்த்தும் சல்பியூட்டமால்; சிரப்பில் உள்ளதும் பெரும்பாலும் அதேதான். ஒரு பஃப்பில், அதாவது இன்ஹேலரை ஒரு முறை அழுத்தும்போது, வருவது 100 மைக்ரோகிராம். சிரப்பிலோ ஒரு வேளைக்கே அதைப்போல் பல மடங்கு வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் தந்த பிறகே கொஞ்சம் நுரையீரலை எட்டும். ஓட்டத்துக்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வழியாக 2 பஃப் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பாதுகாப்புக் கிடைக்கும்.

அதோடு விஷயம் முடிந்துவிடாது. தினமும் ஓடுவதற்கு முன் நீல இன்ஹேலர் தேவைப்படுகிறது என்றால், மூச்சுக்குழலின் உள்ளே அழற்சி அடங்கவில்லை என்று பொருள். நாள்தோறும் சல்பியூட்டமாலை மட்டும் நம்பியிருந்தால் அதன் பாதுகாப்பும் படிப்படியாகக் குறையும். ஆகவே பியூடசோனைட் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைக் குறைந்த அளவில் தினமும் எடுத்துக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கிப் பயனில்லை. ஸ்டீராய்டு என்றதும் வளர்ச்சி நின்றுவிடுமோ என்று கேட்பீர்கள்: முதல் ஆண்டில் சராசரியாக அரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறையலாம், அது ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதில்லை. மருந்து எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணையும் தவிர்க்கலாம். ஆஸ்துமாவுக்கான மாண்டெலுகாஸ்ட் மாத்திரை தரப்பட்டால், தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் அல்லது மனச்சோர்வு தெரிகிறதா என்று கவனித்து உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் பிள்ளைகளை நான் முதலில் என் எதிரிலேயே இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் குலுக்க மறந்திருப்பார்கள். இன்னும் சிலர் வாய்க்கு நேரே அழுத்தியதும் மருந்து வெண்புகையாக உதட்டோரத்தில் வெளியேறிவிடும். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப் அழுத்தி, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சிழுத்து, அரை நிமிடம் விட்டு அடுத்த பஃப்புக்கு மீண்டும் குலுக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உண்டாகும் மின்னூட்டத்தில் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உதகைக்கே உரிய ஒன்றும் உண்டு: இரவெல்லாம் குளிரில் கிடந்த இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிய பிறகு பயன்படுத்தட்டும். மைதானத்தில் பைக்குள் அல்ல, ஸ்வெட்டருக்கு உட்பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும்.

ஓட்டத்துக்கு முன் 10 முதல் 15 நிமிடங்கள் உடலைச் சூடேற்றுவதும் மருந்தோடு சேர்ந்து உதவக்கூடியது. மெதுவாக ஓடி, இடையிடையே அரை நிமிட வேக ஓட்டங்கள் ஆறேழு முறை செய்தால், அதன் பின் ஓரிரு மணி நேரத்துக்குப் பல பிள்ளைகளுக்கு மூச்சுக்குழல் எளிதில் இறுகுவதில்லை. மூக்கையும் வாயையும் மறைக்கும் மஃப்ளர், தான் வெளிவிட்ட சூட்டையும் ஈரத்தையும் திரும்பப் பெற உதவும். மூக்கடைப்பும் தும்மலும் இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவை. மூக்கு அடைத்த பிள்ளைக்கு வாய்தான் வழி. வெயில் ஏறிய பின் பயிற்சி வைக்க முடியுமா என்று உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. சளி, காய்ச்சல் இருக்கும் நாளிலும், முந்தைய இரவு இருமி விழித்த நாளிலும் அவள் ஓடக்கூடாது.

அதே ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியதும் உண்டு. இருமல் தொடங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 பஃப் தர வேண்டும்; 4 நிமிடத்தில் தணியாவிட்டால் இன்னும் 4; அதற்கும் அடங்காவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதே முறையில் தொடர வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா இடுக்குகள் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எதற்கும் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். வீட்டில் ஒரு இன்ஹேலர், பள்ளியில் ஒரு இன்ஹேலர் என இரண்டு வைத்திருங்கள், ஸ்பேசரும் அப்படியே.

உங்கள் மகள் ஓட்டத்தில் ஆர்வமுள்ளவள் என்றால் பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் பற்றிச் சொல்லுங்கள். இதே ஆஸ்துமாவோடு ஓடிய அவர், 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் முடித்துப் பெண்களுக்கான உலகச் சாதனை படைத்தார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துச் சென்று, அவளையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.