2060ஆ, 3050ஆ: எதை வாங்குவது?

கேள்வி: மகன் திருமண வீடியோக்களைத் தொகுக்கிறான். அவனுக்குப் பாவித்த கிராபிக்ஸ் காட் (கணினித் திரைக்கான படங்களைக் கணித்துத் தரும் பலகை) ஒன்று தேவை. தரகர் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 2060, ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டையும் காட்டி, 3050 இலக்கம் கூடியது என்பதால் அதற்கு ஐயாயிரம் ரூபா அதிகமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர் ஒருவர், கொக்குவில்)

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த நான்கு இலக்கங்களை ஒரே எண்ணாக வாசிக்கக் கூடாது. முதல் இரண்டும் காட்டின் தலைமுறையைக் குறிக்கின்றன. பின் இரண்டும் அந்தத் தலைமுறைக்குள் அதன் தரத்தைக் குறிக்கின்றன. 50 என்றால் அடிமட்டம், 60 நடுத்தரம், 70, 80 அதற்கும் மேல். 2019இல் வந்த 2060 தன் தலைமுறையில் நடுத்தரமானது. 2022இல் வந்த 3050 தன் தலைமுறையில் அடிமட்டத்தைச் சேர்ந்தது. எனவே மூன்று ஆண்டுகள் பழையதாயினும், பெரும்பாலான வேலைகளில் 2060தான் வேகமானது.

தரகர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. 3050 என்ற பெயரில் இரு வேறு காட்டுகள் விற்பனையாகின்றன. முதலில் வந்தது 8 ஜிபி நினைவகம் கொண்டது. 2024இல் வந்த 6 ஜிபி காட்டில் 2 ஜிபி மட்டுமே குறைந்திருக்கிறது என்று எவரும் எண்ணுவர். ஆனால் அதன் கணிப்புக் கருக்கள், அதாவது கணக்குகளைச் செய்யும் சிறு அலகுகள், 2560இலிருந்து 2304 ஆகவும், சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைக்கப்பட்டுள்ளன. வினாடிக்கு 224 ஜிபி தரவு பாய்ந்த இடத்தில் இப்போது 168 ஜிபிதான் பாய்கிறது. 2060இலோ அது 336 ஜிபி. பால்மாப் பைக்கற்றில் நிறையும் விலையும் அச்சிடப்பட வேண்டும் என்று வற்புறுத்தும் நாம், ஒரே பெயரில் இரு பொருள்களை விற்கும் உற்பத்தியாளரை மட்டும் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

இதைவிட மோசமானது போலிக் காட். மாணவர் ஒருவர் 1050 டிஐ என்ற இன்னொரு மாதிரி என்று நம்பி வாங்கிய காட்டை என்னிடம் கொண்டுவந்தார். பழைய திரைகளின் வயரைப் பொருத்தும் விஜிஏ துளை அதில் இருந்ததே எனக்கு முதற் சந்தேகம்; உண்மையான 1050 டிஐயில் அது இருப்பதில்லை. விசிறியைக் கழற்றி, காய்ந்த வெப்பப் பசையைத் துடைத்தபோது, ஜிபி107 என்று இருக்க வேண்டிய சிப்பில் ஜிஎஃப்116 என்று பொறிக்கப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டுக் காலத்துச் சிப் கொண்ட காட்டின் உள் மென்பொருளில் பொய்ப் பெயரை எழுதி விற்றிருக்கிறார்கள். விற்றவரின் தொலைபேசி அதன்பின் இயங்கவேயில்லை.

ஆகவே, காட்டை உங்கள் வீட்டுக் கணினியில் பொருத்திப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் சிப்பின் பெயர், நினைவக அளவு, பாதையின் அகலம் எல்லாம் ஒரே திரையில் தெரியும். அது அடையாளம் கண்ட போலிகளின் பெயருக்கு முன்னால் போலி என்று ஆங்கிலத்திலேயே காட்டும். பற்றுச்சீட்டு தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். 2060ஐ எடுப்பதானால், அதற்கு 160 வாற் மின்சாரம் வேண்டும் என்பதால், உங்கள் கணினியின் பவர் சப்ளை 500 வாற் அளவுடையதா, அதில் எட்டு முனை வயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.