வீட்டுக்கு நாஸ் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டுப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க ரவுட்டரோடு இணைத்து வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டி (நாஸ்) வாங்கப் போகிறேன், எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தடவை தப்பாக வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களுடையது கானாடுகாத்தானில் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. ஐயா காலத்துப் பர்மாப் படங்கள், பேரேடுகள், இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்தப் பத்திரங்கள்) எல்லாம் ஸ்கேன் செய்ததில் ஒன்றரை டிபி சேர்ந்துவிட்டது. முதலில் வாங்கியது மலிவான ஒற்றை டிஸ்க் பெட்டி, பெயர் வேண்டாம். பதினாலாவது மாதம் பெட்டியின் போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி லேப்டாப்பில் மாட்டினால், ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்கிறது விண்டோஸ். எனக்கு வேர்த்துவிட்டது. இந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அது எழுதிய டிஸ்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. பென் டிரைவில் உபுண்டு (அதுவும் ஒரு லினக்ஸ்தான்) போட்டு பூட் செய்த பிறகுதான் எல்லாம் கண்ணில் பட்டது.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பெட்டி செத்தால் டிஸ்கை வேறு எதில் படிக்கலாம்? சைனாலஜி கம்பெனிப் பெட்டிகளுக்கு லினக்ஸ் வழி உண்டு. டிஸ்கில் எழுதுவதைத் தானே பூட்டிவைக்கும் (என்க்ரிப்ட் செய்யும்) பெட்டி என்றால் யோசியுங்கள், பெட்டி போனால் டிஸ்கை வேறு எதிலும் படிக்க முடியாமல் போகலாம்.

இரண்டு டிஸ்க் போடும் பெட்டியாக எடுங்கள். ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் முறை) வைத்தால் நாலு டிபி டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்து நாலு டிபிதான் கிடைக்கும். அதுவும் விண்டோஸில் 3.6 என்றுதான் காட்டும், அது எண்ணும் கணக்கு வேறு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பிராசஸர், ராம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், பெட்டியிலிருந்து சினிமா ஓட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கவலை.

டிஸ்கில் தகவலை எழுதும் முறை சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு உண்டு. வாங்கும்போது சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் நம் ஊர் நாட்டு ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கிளப்ப வேண்டும் அல்லவா, அதே கதைதான். ஒரு டிஸ்க் போய்ப் புதிதை மாட்டும்போது ரெய்டு மறுபடி சேர நாள்கணக்கில் இழுக்கலாம்.

அப்புறம் வயர். எங்கள் சுவர்களைத் தாண்டி வைஃபை வளவுக்கே (உள்முற்றத்துக்கே) ஒழுங்காக வராது, அதற்கடுத்த இரண்டாம் கட்டுப் பகுதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு, ஆணி அடிக்கப் பெரியப்பா விடவில்லை. தேக்கு உத்தரத்தை ஒட்டியே கேட் 6 கேபிளை இழுத்தோம், முப்பத்தைந்து மீட்டர். நூறு மீட்டர் வரை கவலையில்லை. கிகாபிட் போர்ட் இருந்தால் விநாடிக்கு 110 எம்பி அளவில் வரும். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். மின்சாரம் போனால் யுஎஸ்பி வழியாகத் தகவல் வாங்கித் தானே அணைந்துகொள்ளும் பெட்டியாகப் பாருங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) படம் பார்க்க டெயில்ஸ்கேல் (வெளியிலிருந்து நம் பெட்டிக்கு ரகசிய வழி போடும் ஆப்) போட்டுக் கொடுத்தேன். இதற்காக ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள், அதாவது இணையத்தில் யாரும் பெட்டியை நேராகத் தட்டும்படி வாசலைத் திறந்துவைக்காதீர்கள். 2021 ஜூனில் இணையத்துக்குத் திறந்து கிடந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் மை புக் லைவ் பெட்டிகளை எங்கிருந்தோ அழித்துவிட்டார்கள். அவற்றுக்கு 2015க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை. எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். தவறி ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே போகும். “பத்திரமான சாமான் என்றால் பெட்டகத்துக்குள் வைக்க வேண்டியதுதானே?” என்றார் பெரியப்பா. காற்றுப் போகாது, சூடேறும் என்று சொல்லி நாஸைக் காப்பாற்றிவிட்டேன். மூன்றாவதாக வாங்கிய பேக்கப் டிஸ்க் அவர் பேச்சைக் கேட்டுவிட்டது. அது காரைக்குடியில், சித்தப்பா வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து போகும்.