வெள்ளம் வடிந்த வயலை உடனே உழலாமா?

கேள்வி: எங்கள் நிலம் ஆற்றை ஒட்டியது. குளிர்கால வெள்ளம் நான்கு நாள் நின்று இப்போதுதான் வடிந்தது. பாதியில் முழங்கால் உயர மக்காச்சோளம், பாதியில் தீவனப்புல், எல்லாவற்றின் மேலும் வண்டல். தொழுவத்திலும் தண்ணீர் புகுந்தது, இரண்டு கறவை மாடுகளும் ஒரு கன்றும் இருக்கின்றன. மக்காச்சோளத்தை அழித்து உழுதுவிடலாமா ஐயா?

பதில்: உழவு எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் தொழுவத்தைப் பாருங்கள். பெரிய மாடு குளிரைத் தாங்கிவிடும், நனைந்த கன்று தாங்காது. துணியால் அழுத்தித் துடைத்து, காற்றடிக்காத இடத்தில் காய்ந்த படுக்கை போட்டுக் கட்டுங்கள். வைக்கோல் போர் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ அதைப் போடவே போடாதீர்கள், கொஞ்சம்தானே என்று கொடுத்தால் அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். வண்டல் படிந்த புல்லும் இப்போதைக்கு வேண்டாம், அறுத்து ஒதுக்கிவிட்டுப் புதுத் துளிர் வரட்டும். சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வெள்ளத்துக்குப் பிறகு இவை தலைகாட்டும். தொழுவத்தை அள்ளும்போது வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சலுக்குக் காலில் ஒரு சிராய்ப்பு போதும்.

சரி, மக்காச்சோளம். கோடையில் நான்கு நாள் மூழ்கியிருந்தால் யோசிக்காமல் அழிக்கச் சொல்லியிருப்பேன். குளிரில் வேருக்கு மூச்சுத் தேவை குறைவு, குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயுவும் கூடுதலாகக் கரைந்திருக்கும், அதனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வடிந்து நான்கைந்து நாள் கழித்து, மேடு பள்ளம் என்று பல இடங்களில் செடியைப் பிடுங்கித் தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழத்தால் போய்விட்டது. வேரையும் விரலால் உருவுங்கள், மேல்தோல் கழன்று நூல்போல் ஒன்று மட்டும் கையில் மிஞ்சினால் அது செத்த வேர். பிழைத்தது என்று தெரிந்து, புது இலையும் வந்த பிறகு யூரியாவைக் கொஞ்சமாகப் போடுங்கள். இப்போதே வீசினால் வேர் எடுக்காது, தண்ணீர் நின்ற மண்ணில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

அழிக்கத்தான் வேண்டும் என்றாலும் ஈரத்தில் டிராக்டரை இறக்காதீர்கள். வெள்ளம் செய்யாத கேட்டை அந்த ஒரு உழவு செய்துவிடும், அடிமண் இறுகினால் வருடக்கணக்கில் தொல்லை. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள், உருண்டையாக ஒட்டினால் காத்திருங்கள், உதிர்ந்தால் உழலாம். வண்டல் 5 செ.மீ. வரை என்றால் சாதாரண உழவிலேயே கலந்துவிடும், 20 செ.மீ. வரை ஆழ உழவு வேண்டும், அதற்கு மேல் மணலாகக் கிடந்தால் அள்ளித்தான் ஆகவேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று, நிலத்தை வெறுமையாகப் போட்டுவிடுவது. நீர் தேங்கிய மண்ணில் பயிரும் இல்லாமல் போனால், வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் பூஞ்சை குறைந்துபோகும், அடுத்த மக்காச்சோளம் ஊதா இலையோடு குட்டையாக நிற்கும், விவசாயி விதையைத் திட்டுவார். இடையில் ஏதாவது ஒரு பசுந்தாள் பயிர் விதையுங்கள், கடுகு இனம் மட்டும் வேண்டாம், அதன் வேரில் இந்தப் பூஞ்சை ஒட்டாது. அடுத்த விதைப்பில் மணிச்சத்து உரத்தை விதைக்குப் பக்கத்திலேயே கோட்டில் இடுங்கள்.

அப்புறம், வண்டலைத் தொடுவதற்கு முன் அதில் அளவுகோலை நட்டு, ஆழம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிவாரணத்துக்கு மனு கொடுக்கும்போது கேட்பார்கள்.