அந்த ஒன்றரைப் புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சதுரங்கம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எனக்கு வயது 36. வேலைக்குப் போய்க்கொண்டே போட்டிகளிலும் ஆடுகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் (ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்) 1612. நீண்ட நாளாக 1580க்கும் 1640க்கும் நடுவிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 1800ஐத் தொட வேண்டும் என்பது ஆசை.

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறது. பாதி நேரம் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) காணொளிகள். இப்போது கறுப்புக் காய்களுக்கான சிசிலியன் நாஜ்டோர்ஃப் என்ற தொடக்கத்தைப் படிக்கிறேன். மீதி நேரம் இணையத்தில் பிளிட்ஸ், அதாவது சில நிமிட அதிவேக ஆட்டம். டாக்டிக்ஸ் (காய்களை வெல்லும் உத்தி) புதிர்களில் என் ரேட்டிங் 2200க்கு மேல். ஆனால் பலகை முன்னால் உட்கார்ந்தால் அந்தத் திறமை எங்கே போகிறது என்று தெரியவில்லை. கடைசியாக ஆடிய போட்டியில் ஒன்பது சுற்றில் 4 புள்ளிதான். இரண்டு தோல்வி சின்னப் பிள்ளைகளிடம்.

ரேட்டிங் குறைந்தவர்களோடு ஆடுவதைத் தவிர்க்க வேண்டுமா? 1800க்குக் கீழே உள்ளவர்களுக்கான போட்டிகளுக்குப் போவதா, எந்த ரேட்டிங்காரரும் ஆடும் ஓப்பன் போட்டிகளுக்குப் போவதா? இந்த வயதில் இனி ஏறுமா? ஒன்பது ஆட்டங்களின் தாள்களையும் இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

ஆட்டங்களை அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாமல் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் அது பொதுப்படையான அறிவுரையாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பட் ஈலோ வகுத்த முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அடிப்படை எளிது. இருவருடைய ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து நீங்கள் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு கணக்கிடப்படுகிறது. நீங்கள் எடுத்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அதுதான் கே ஃபேக்டர். உங்களுக்கு அது 20. நீங்கள் ரேட்டிங்கில் ஏற வேண்டியது 188 புள்ளி. 20ஆல் வகுத்தால் 9.4. ஆக, எதிர்பார்ப்பைவிட மொத்தம் ஒன்பதரை ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) கூடுதலாக எடுத்தால் நீங்கள் 1800. வருடத்துக்கு அறுபது ஆட்டம் ஆடி, ஒரே வருடத்தில் அதை எட்டுவதாக வைத்துக்கொண்டால், ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி.

இப்போது உங்கள் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது. "1800 ஆவது எப்படி" என்பது மலைப்பாக இருக்கிறது. "ஒன்பது ஆட்டத்தில் அந்த ஒன்றரைப் புள்ளி எங்கே போயிற்று" என்று கேட்டால் தாள்களைப் புரட்டி விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

காட்டுகிறேன். இரண்டாம் சுற்றில் நாஜ்டோர்ஃபுக்குத் தயாராக வந்தீர்கள். எதிராளி இரண்டாவது நகர்த்தலிலேயே சிசிலியனின் வேறு கிளையான அலாபினுக்குப் போய்விட்டார். ஆனாலும் பதினைந்தாவது நகர்த்தலில் நிலை சமமாகத்தான் இருந்தது. 31ஆவது நகர்த்தலில், கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், கையில் இருந்த ஆட்டம் போயிற்று. நான்காம் சுற்றில் குதிரையைக் கொடுத்து யானையை வாங்கியிருந்தீர்கள். ஜெயித்துவிட்டோம் என்ற நிம்மதியில் ராஜாவை ஓரமாக நகர்த்தினீர்கள். அடுத்த நகர்த்தலிலேயே அந்தச் சிறுவனின் குதிரை ராஜாவுக்கும் ராணிக்கும் ஒருசேர ஃபோர்க் போட்டது. ஐந்தாம் சுற்றில் 1830 ரேட்டிங்காரரிடம் நல்ல நிலையில் இருந்தபோது நீங்களே டிரா கேட்டீர்கள். ஆறாம் சுற்றில் ஒரு சிப்பாய் குறைவான யானை முடிவாட்டம் (காய்கள் குறைந்துவிட்ட கடைசிக் கட்டம்). டிரா ஆகியிருக்க வேண்டியது, தோற்றீர்கள். எட்டாம் சுற்றில் மட்டும்தான் 2050 ரேட்டிங் உள்ளவர் உங்களைவிட நன்றாக ஆடி ஜெயித்தார்.

கூட்டிப் பாருங்கள். இரண்டு புள்ளிக்குக் குறையாது. ஓப்பனிங் தெரியாததால் போன புள்ளி இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உங்கள் படிப்பு நேரத்தில் பாதி ஓப்பனிங்குக்குப் போகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். உங்களைப் போல் ஆர்வமும் உழைப்பும் உள்ள எத்தனையோ பேர் இப்படித்தான் தேங்கி நிற்கிறார்கள். வயிற்று வலிக்குக் கண் மருத்துவரிடம் போவது போல.

ஆறாம் சுற்றை விரிவாகப் பார்ப்போம். எதிராளிக்கு யானையும் நடுச் சிப்பாயும், உங்களுக்கு யானை மட்டும். உங்கள் ராஜா சிப்பாய்க்கு எதிரிலேயே நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் விளக்கிவிட்ட நிலை இது. உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி எதிராளியின் ராஜாவை உள்ளே வரவிடாமல் காக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய உடனே உங்கள் யானை பலகையின் மறுகோடிக்குப் போய் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கும். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவருடைய ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. டிரா. நீங்கள் யானையைக் கடைசி வரிசையில் கட்டிப்போட்டீர்கள். நடுச் சிப்பாய்க்கு எதிராக அது தோல்வி நிலை. இதைக் கற்க ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலையின் மதிப்பு உங்களுக்கு இங்கே அரைப் புள்ளி, அதாவது ரேட்டிங்கில் 10. இதே போல ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் எதிர் ராஜா, பாஸ்டு பானுக்கு (எதிர்ச் சிப்பாய்கள் மறிக்க முடியாத சிப்பாய்க்கு) பின்னால் யானையை நிறுத்துவது என்று பத்துப் பன்னிரண்டு நிலைகள் இருக்கின்றன. உங்கள் மட்டத்தில் யானை முடிவாட்டம் அடிக்கடி வரும். வரும்போது தெரிந்தவர் நிதானமாக இருப்பார், தெரியாதவர் கடைசி நிமிடங்களில் புதிதாகக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்.

அடுத்து, புதிரில் 2200 பலகையில் எங்கே போகிறது என்ற கேள்வி. முதல் விஷயம், அந்த எண்ணை ஃபிடே எண்ணோடு ஒப்பிட முடியாது. அது வேறு கணக்கு. இரண்டாவதுதான் முக்கியம். புதிரைத் திறக்கும்போதே இங்கே ஏதோ இருக்கிறது என்ற தகவல் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. அதோடு புதிரில் அடிப்பது எப்போதும் நீங்கள். நான்காம் சுற்றில் அடித்தது அந்தச் சிறுவன்.

புதிர் போடுவதை விட்டுவிடாதீர்கள். பெரிய ஆட்டக்காரர்களின் பலம் வடிவங்களை நினைவில் வைத்திருப்பதில் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை மாஸ்டர் சில நொடி பார்த்துவிட்டு, காய்களில் பெரும்பகுதியைச் சரியான இடத்தில் அடுக்கினார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்தபோது அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வடிவங்கள் வேண்டும். ஆனால் போடும் முறையை மாற்றுங்கள். வேகம் வேண்டாம். முதல் நகர்த்தல் தெரிந்த உடனே காயை இழுக்காதீர்கள். எதிராளியின் மிகச் சிறந்த பதில் வரை மனதுக்குள் முடித்துவிட்டு, முடிந்தால் எழுதிவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள். ஒரு முறை போட்ட தொகுப்பையே சில வாரம் கழித்துத் திரும்பப் போடுங்கள்.

ஆட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. என்ன ஆடுவது என்று முடிவு செய்த பிறகு, கையை நீட்டும் முன், அந்த நகர்த்தல் பலகையில் நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எதிராளியின் நாற்காலியில் உட்காருங்கள். அவருக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்டலாம், எதை மிரட்டலாம்? பத்து நொடி வேலை. ஜெயிக்கும் நிலையில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் மனம் தளர்வது அப்போதுதான். முன்பெல்லாம் நகர்த்தலை முதலில் தாளில் எழுதிவிட்டு, ஒரு முறை சரிபார்த்து, பிறகு ஆடச் சொல்லிப் பயிற்சியாளர்கள் பழக்குவார்கள். இப்போது ஃபிடே விதிப்படி முன்கூட்டியே எழுதக்கூடாது. மனதுக்குள்தான் செய்ய வேண்டும்.

தினமும் அரை மணி நேர பிளிட்ஸ் இந்தப் பழக்கத்தைத்தான் அழிக்கிறது. கண்ணில் பட்ட முதல் நகர்த்தலை ஆடு என்று தினமும் கையைப் பழக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யோசித்து ஆடு என்றால் கை கேட்காது. வாரத்தில் இரண்டு ஆட்டம் மெதுவாக ஆடுங்கள். ஆளுக்கு அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

கடிகாரம் பற்றி. உங்கள் போட்டியில் 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 நொடியும். நாற்பது நகர்த்தலுக்கு மொத்தம் 110 நிமிடம். சராசரி மூன்று நிமிடம்கூட இல்லை. அதை எங்கே செலவழிப்பது? திரும்பப் பெற முடியாத முடிவுகளில். காய்களை வெட்டி மாற்றிக்கொள்ளும்போது, சிப்பாயைத் தள்ளும்போது, ஆட்டம் முடிவாட்டத்துக்குள் நுழையும்போது. யானையை இந்தக் கட்டத்தில் வைப்பதா அந்தக் கட்டத்தில் வைப்பதா என்பதற்குப் பதினெட்டு நிமிடம் தேவையில்லை. இரண்டாம் சுற்றில் அப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும், ஆனால் தாளில் நேரம் இல்லாததால் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இனி ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதும்போது மீதி நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். விதி அதை அனுமதிக்கிறது.

ஆட்டம் முடிந்த அன்றே, இஞ்சினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரலை) திறக்கும் முன், எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இஞ்சின் எது தவறு என்று சொல்லும். ஏன் அந்தத் தவறைச் செய்தீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு நாள் போனால் மறந்துவிடும். மறுநாள் இஞ்சினோடு பாருங்கள். நிலைக்கு அது தரும் மதிப்பில் வரும் சின்னச் சின்ன தசம வித்தியாசங்களை விட்டுவிட்டு, மதிப்பு ஒரேயடியாகச் சரிந்த இடங்களை மட்டும் எடுங்கள். அவசரம், அசட்டை, தெரியாத முடிவாட்டம், எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது என்று காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பது ஆட்டம் சேர்ந்தால் எதைப் படிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

வயது பற்றிய உங்கள் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. சோவியத் ஆட்டக்காரர் போட்வினிக் 1957இல் ஸ்மிஸ்லோவிடம் உலகப் பட்டத்தை இழந்தார், 1958இல் திரும்பப் பெற்றார். 1960இல் தால் அவரைத் தோற்கடித்தார். அடுத்த வருடம், தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரான அதே தாலிடமிருந்து பட்டத்தை மீட்டபோது அவருக்கு 49 வயது. தன் ஆட்டங்களையே, குறிப்பாகத் தோல்விகளை, இரக்கமில்லாமல் அலசுவதுதான் அவர் முறை. இளைஞர்கள் வேகமாகக் கற்கிறார்கள், உண்மைதான். ஆனால் 1600க்கும் 1800க்கும் இடையில் இருப்பது இளமை கேட்கும் தூரம் இல்லை.

இனி எதிராளிகள். 200 புள்ளி குறைந்தவரிடம் உங்களுக்கு எதிர்பார்ப்பு 0.76. ஜெயித்தால் ரேட்டிங்கில் 5 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், தோற்றால் 15 போகும். 200 கூடியவரிடம் இது தலைகீழ். இரண்டு தட்டும் சமமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளைத் தேர்ந்தெடுத்து லாபம் பார்க்க இடமில்லை. பிள்ளைகள் விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு. வேகமாக வளரும் ஒரு சிறுவனின் ரேட்டிங், சில மாதங்களுக்கு முந்தைய அவனுடைய பலத்தைச் சொல்கிறது. அதை ஈடுகட்டத்தான் பதினெட்டு வயது நிறையும் ஆண்டின் முடிவு வரை, ரேட்டிங் 2300க்குக் கீழே இருக்கும் பட்சத்தில், கே ஃபேக்டரை 40 என்று வைத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து அவர்களை எடைபோடாதீர்கள். தோற்றால் அவமானமும் வேண்டாம்.

ஐந்தாம் சுற்று டிராவுக்கும் இதே கணக்குதான். அவரிடம் டிரா உங்களுக்கு 5 புள்ளி சொச்சம், வெற்றி 15க்கு மேல். நல்ல நிலையில் இருப்பவர் நீங்கள். அங்கே கை குலுக்கியது பயத்தால், கணக்கால் இல்லை. நிலை உங்கள் பக்கம் இருக்கும்வரை டிரா கேட்கவே கேட்காதீர்கள்.

1580க்கும் 1640க்கும் இடையே ஆடும் ஊசலைப் பார்த்தும் மனம் தளர வேண்டாம். ஒன்பது ஆட்டத்தில் 25 புள்ளி ஏறுவதும் இறங்குவதும் தற்செயலாலேயே நடக்கும். மாதாமாதம் வரும் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள்.

ஓப்பனிங்குக்கு நாஜ்டோர்ஃப் வேண்டாம். நகர்த்தலுக்கு நகர்த்தல் நினைவு கேட்கும் ஆட்டம் அது, நேரம் குறைவாக உள்ளவருக்கு ஒத்துவராது. காரோ-கான் போல ஒன்றை எடுத்து, சிப்பாய் அமைப்பும் திட்டமும் புரியும் அளவுக்குப் படித்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் அதற்கு. இரண்டு நாள் முடிவாட்டம், இரண்டு நாள் நிதானமான புதிர்கள், வார இறுதியில் மெதுவான ஆட்டமும் அதன் அலசலும்.

ஓப்பனா, 1800க்குக் கீழான போட்டியா என்றால் இரண்டுக்கும் போங்கள். ஓப்பனில் உங்கள் குறைகள் சீக்கிரம் வெளிப்படும். மற்றதில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை முடித்துவைக்கும் பழக்கம் வரும். அடுத்த ஒன்பது ஆட்டங்களை, ஓரத்தில் நேரம் குறித்த தாள்களோடு, அனுப்புங்கள். பிலிடோர் நிலையை அதற்குள் கற்றுவிடுங்கள்.

அன்புடன்