பழைய கால்குலேட்டர் ஐசி: கேட்டதும் சொன்னதும்

கொழிஞ்சாம்பாறை தம்பி: அண்ணா, தாத்தாவோட கால்குலேட்டரைத் திறந்தேன். ஒரே ஒரு பெரிய ஐசி, அதாவது மின்சுற்றுச் சில்லுதான் இருக்கு. முழுக் கணக்கையும் அதுவேயா போடுது?

ஆமாம். 1969-இல் வந்த ஷார்ப் க்யூடி-8டி மேசைக் கால்குலேட்டரில் அந்த வேலைக்கு ராக்வெல்லின் நான்கு பெரிய ஐசிகள் தேவைப்பட்டன. 1971-இல் மாஸ்டெக் என்ற ஐசி கம்பெனி, பிஸிகாம் என்ற கால்குலேட்டர் கம்பெனிக்காக எம்கே6010 என்ற ஒரே ஐசியில் அதை அடக்கியது. அதே ஆண்டு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதே மாதிரி டிஎம்எஸ்1802 என்ற ஐசியை அறிவித்தது. தம்பி, அதைக் கழற்ற வேண்டாம். பழைய மாஸ் (MOS) வகை ஐசிக்கு விரலிலுள்ள நிலைமின்சாரமே எமன்.

மூணாறு அக்கா: இன்டெல் 4004-ம் இப்படிப்பட்டதுதானே?

இல்லை அக்கா. 4004 தனியாக முழுக் கணக்கையும் போடாது, கூட வேறு ஐசிகளும் வேண்டும். அதுவும் பிஸிகாமுக்காகப் பிறந்ததுதான், ஆனால் போனது 141-பிஎஃப் என்ற அச்சிடும் மேசைக் கால்குலேட்டருக்கு.

குமுளி ஏலக்காய் வியாபாரி: கடையில் இருக்கும் சிவப்பு எழுத்து மாடல் பேட்டரியைத் தின்கிறதே, ஐசி கெட்டுவிட்டதா சார்?

பெரும்பாலும் இல்லை. கரண்டைக் குடிப்பது அந்தச் சிவப்பு எல்இடிதான். இத்தனைக்கும் எல்லா இலக்கங்களும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிகின்றன. 1972-இல் வந்த சின்க்ளேர் எக்சிக்யூட்டிவ் என்ற பாக்கெட் கால்குலேட்டர் ஒருபடி மேலே போய், ஐசிக்கே கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்தது. கரண்ட் இல்லாத அந்தக் கணத்தில், உள்ளே தேங்கிய மின்னூட்டம் கணக்கை மறக்காமல் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் குட்டி பட்டன் செல்களே போதுமாக இருந்தன. அப்புறம் 1973-இல் ஷார்ப் இஎல்-805-இல், குறைந்த கரண்டே குடிக்கும் சிமாஸ் ஐசியும் எல்சிடி திரையும் சேர்ந்து வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. பழையதைப் பயன்படுத்தாதபோது செல்லைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் போர்டையே அரித்துவிடும்.

நகரி மாணவி: நாலு கணக்குக்கான ஐசியில் சைன், காஸ் எப்படிப் போட்டார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி! 1974-இல் வந்த சின்க்ளேர் சயன்டிஃபிக் கால்குலேட்டரில் இருந்தது டிஎம்எஸ்0805 என்ற ஐசி. அதில் 320 கட்டளைகளுக்குத்தான் இடம். அதற்குள் சின்க்ளேர் கம்பெனியின் நைஜல் சேர்ல் சைன், காஸ், லாக் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். சைனுக்கும் காஸுக்கும், ஒரு சிறு கோணத்தால் திரும்பத் திரும்பச் சுழற்றி விடைக்கு வருகிற வழி அது. மெதுவாகத்தான் வரும், கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. பை போன்ற மாறிலிகளுக்கு உள்ளே இடமில்லாததால் அவற்றை வெளியே பெட்டியின் மேலேயே அச்சடித்துவிட்டார்கள். இடம் இல்லை என்று கைவிடாமல், இருக்கும் இடத்துக்கு ஏற்ற வழியைத் தேடினார்களே, அதைப் படிம்மா. அந்தக் கட்டளைகளை இன்று ஐசியைப் படமெடுத்தே மீட்டெடுத்திருக்கிறார்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.