ஆட்டுப்பட்டி: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

தை மாதக் கண்காட்சிக்குத் தலைச்சேரி இனப் பெட்டை ஆடு ஒன்றைக் கொண்டுபோக எண்ணம். குளம்பு வளர்ந்து செருப்பு மாதிரி மடங்கிக் கிடக்கிறது. முதல்நாள் வெட்டிவிட்டால் போதுமா?
– வாசகர், பாகூர்

முதல்நாள் மட்டும் கத்தியைத் தொடாதீர்கள். இம்மி ஆழமாகப் போனாலும் மறுநாள் நொண்டும். நடுவர் ஆட்டை நடக்கவிட்டதுமே அதுதான் கண்ணில் படும். கடைசி வெட்டு கண்காட்சிக்கு 2 வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மடங்கும் அளவுக்கு வளர்ந்த குளம்பை ஒரே மூச்சில் சரிசெய்யவும் முடியாது. உள்ளே உள்ள சதையும் கூடவே முன்னால் நீண்டிருக்கும். ஆகவே இன்றே தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கல்லாங்குத்தில் மேய்கிற ஆட்டுக்குக் குளம்பு தானாகத் தேயும். வயல் சேற்றிலும் கடலோர மணலிலும் தேய வழியில்லை. உங்கள் பக்கத்தில் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும்.

மழை ஈரத்தில் குளம்பு இளகியிருக்கும். காய்ந்திருந்தால் கால் மணி நேரம் தண்ணீரில் நிறுத்துங்கள். ஆட்டைச் சுவரோரமாகக் கட்டி, காலைப் பின்பக்கமாக மடக்கிப் பிடித்து, இடுக்கில் உள்ள சாணியையும் மண்ணையும் சுரண்டி எடுங்கள். முதலில், உள்பக்கம் மடிந்த ஓரத்தை அடிப்பாகத்துக்குச் சமமாக வெட்டுங்கள். அடுத்து நுனி. குதி உயர்ந்திருந்தால் கடைசியாக அதையும் சீவலாம். வெற்றிலைக் கனத்துக்குச் சீவிக்கொண்டே வாருங்கள்; வெள்ளையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது, முடி தொடங்கும் கோடும் குளம்பின் அடியும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் வெட்டு சரி.

ரத்தம் கசிந்தால் படிகாரப் பொடி வைத்துச் சுத்தமான துணியால் 5 நிமிடம் அழுத்துங்கள். ஆறும்வரை ஈரத்தரையில் விடாதீர்கள். விரலிடுக்கில் நாற்றத்தோடு கூழாக இருந்தால் அது குளம்பு அழுகல். கண்காட்சியை மறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளைப் போயர் இனக் கலப்புக் கிடா. தாடியும் முன்னங்காலும் மஞ்சள் பூத்திருக்கின்றன. சலவைத்தூள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

கூடாது. சலவைத்தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடும். இரண்டே நாளில் பொடுகு கொட்டும். கிடா பருவத்துக்கு வந்தால் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் விட்டுக்கொள்ளும், அந்தக் கறைதான் இது. ஒரு வாரம் முன்பிருந்தே கறைபட்ட இடத்தில் மட்டும் குழந்தைகளுக்கான ஷாம்பு தேய்த்து, 5 நிமிடம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

முழுக்குளியல் கண்காட்சிக்கு 2 நாள் முன்பு, காலை 10 மணிக்கு மேல் வெயில் ஏறியபின். காதில் தண்ணீர் இறங்காமல் பஞ்சு வையுங்கள் (எடுக்க மறந்துவிடாதீர்கள்). வழுவழுப்பு போகும்வரை அலசித் துவட்டி, காய்ந்த வைக்கோலிலோ பரண் மேலோ கட்டுங்கள். மினுமினுப்புக்காக உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசுவது நம்மூர்ப் பழக்கம். திடலில் பறக்கும் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும். கொம்புக்கும் குளம்பின் வெளிப்பக்கத்துக்கும் துணியில் நாலு சொட்டு போதும்.

ஜமுனாபாரிக்குத் தொடை முடியை வெட்டினால் எடுப்பாக இருக்குமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

அந்த முடிதான் அம்மா அந்த இனத்தின் அடையாளம்! சீப்பு மட்டும் போடுங்கள். மடியைச் சுற்றியும், காதோரத்திலும், குளம்புக்கு மேலேயும் துருத்தும் முடியை மெஷினால் ஒதுக்கலாம், அதுவும் 7 முதல் 10 நாள் முன்பு. அப்போதுதான் பிளேடு போன தடம் மறையும். குளிப்பாட்டிக் காய்ந்தபின் வெட்டுங்கள், அழுக்கு முடியில் பிளேடு சீக்கிரம் மழுங்கும். பிளேடு சூடாகிறதா என்று அவ்வப்போது புறங்கையில் வைத்துப் பாருங்கள். இரவல் மெஷின் வேண்டாம். கழுத்தில் சீழ்க்கட்டி உண்டாக்கும் நோய் பிளேடு வழியாகவும் பரவும்.

பேன் மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறதே?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

ஈரை மருந்து கொல்லாது. அது 10, 12 நாளில் பொரிக்கும். 14ஆம் நாள் மறுபடி அடியுங்கள், பட்டியில் உள்ள எல்லா ஆட்டுக்கும், அதே நாளில். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீட்டைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். டெல்டாமெத்ரின் என்ற பேன் மருந்து கலந்த தண்ணீரைக் குளத்தில் விட்டால் மீன் செத்து மிதக்கும்.

திடலில் நிற்காமல் திமிறுகிறது.
– வாசகர், பண்ருட்டி

ஒரு மாதம் முன்பே தினம் 15 நிமிடம் பழக்குங்கள். கழுத்துப்பட்டை தாடைக்கு ஒட்டி மேலே இருக்கட்டும். கீழே இறங்கினால் ஆடு உங்களை இழுக்கும். முன்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்கால்கள் சற்று அகன்று, தலை நிமிர்ந்து நிற்கவேண்டும். நடுவர் ஒரு பக்கம் என்றால் நீங்கள் மறுபக்கம். கண்காட்சியன்று காலை வழக்கமான தீவனமே போடுங்கள். வயிறு நிறைந்து தெரியட்டும் என்று கூடுதலாகச் சோளம் வைத்தால் உப்புசம் கண்டு திடலிலேயே படுத்துவிடும்.